குதிரையின் இரத்தத்தில் மருந்து, பயிற்சியாளருக்குத் தண்டனை: அளவுகோல் எது?

கேள்வி: ஆறாம் பர்லாங்

அன்பர்களுக்கு வணக்கம். சில வாரங்களாகக் குதிரைப் பந்தய ஊக்கமருந்து வழக்குகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வருகிறேன். வாசிக்க வாசிக்கத் தெளிவைவிடக் குழப்பமே கூடுகிறது. இத்துறையை அருகிலிருந்து பார்த்தவர்கள் இங்கே சிலர் இருப்பதால் கேட்கத் துணிந்தேன்.

என் குழப்பம் 2021 கென்டக்கி டெர்பியில் தொடங்குகிறது. அவ்வாண்டு மே 1 அன்று முதலில் வந்த மெடினா ஸ்பிரிட் என்ற குதிரையின் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 21 பிகோகிராம் பீட்டாமெத்தசோன் என்ற மருந்து இருந்ததாகப் பரிசோதனை காட்டியது. அதன் பயிற்சியாளர் பாப் பாஃபர்ட், அமெரிக்காவின் மும்மகுடத்தை (ஒரே பருவத்தில் நடக்கும் மூன்று பெரும் பந்தயங்களின் வெற்றியை) 2015 இல் அமெரிக்கன் ஃபரோவாவுடனும் 2018 இல் ஜஸ்டிஃபையுடனும் வென்றவர். கென்டக்கி ஸ்டூவர்டுகள், அதாவது பந்தய ஆணையத்தின் நடுவர்கள், 2022 பிப்ரவரியில் குதிரையைத் தகுதிநீக்கம் செய்து, இரண்டாவதாக வந்த மாண்டலூனை வெற்றியாளராக அறிவித்ததோடு, பாஃபர்டுக்கு 90 நாள் இடைநீக்கமும் 7,500 டாலர் அபராதமும் விதித்தார்கள். அந்தத் தீர்ப்பு வருவதற்குள் குதிரையே உயிருடன் இல்லை. 2021 டிசம்பரில் சாண்டா அனிட்டா திடலில் பயிற்சி ஓட்டத்தை முடித்த சற்று நேரத்தில் அது இறந்துவிட்டது. இதற்கிடையே டெர்பியை நடத்தும் சர்ச்சில் டவுன்ஸ் நிறுவனம் தன் பங்குக்கு இரண்டு ஆண்டுத் தடை விதித்தது, அது முடியும் வேளையில் மேலும் நீட்டித்தது, 2024 சூலையில்தான் விலக்கிக்கொண்டது. ஆக, அரசுசார் ஆணையம் 90 நாள் என்று தீர்மானித்த ஒரு பிழைக்காக அவர் மூன்று டெர்பிகளை இழந்தார்.

இனி இங்கிலாந்தைப் பாருங்கள். 2009 இல் நிக்கி ஹென்டர்சன் என்ற பயிற்சியாளருக்கு மூன்று மாதம் குதிரைகளைப் பந்தயத்தில் இறக்கத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. 2013 இல் கொடால்பின் லாயத்தின் பயிற்சியாளர் மஹ்மூத் அல் ஸரூனிக்கு எட்டு ஆண்டுத் தடை. மூன்று மாதம், எட்டு ஆண்டு, 90 நாள், மூன்று ஆண்டு என்று எண்கள் இப்படி ஓடும்போது, மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கணக்கில்தான் இத்துறை நடக்கிறதோ என்ற ஐயம் எழுகிறது. பயிற்சியாளருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் அவரே பொறுப்பு என்ற விதியும் எனக்கு நெருடுகிறது. லாயத்தில் பத்துப் பதினைந்து சைஸ்கள் (குதிரை பராமரிப்பவர்கள்), கால்நடை மருத்துவர், லாடம் அடிப்பவர், தீவனம் கொடுப்பவர் என்று எத்தனையோ கைகள் குதிரையைத் தொடுகின்றன. எல்லாக் கைகளுக்கும் ஒரே தலை பதில் சொல்வது நியாயமா?

மறுமொழி 1: சேணம்

நண்பரே, தாங்கள் இரண்டு வேறு கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறீர்கள். குதிரையின் முடிவை இரத்துச் செய்வது ஒன்று. பயிற்சியாளரைத் தண்டிப்பது மற்றொன்று. முதலாவதற்கு யாருடைய குற்றமும் தேவையில்லை. மருந்தோடு ஓடிய குதிரை, எவர் கொடுத்தாலும், தானே மேய்ந்தாலும், மற்றக் குதிரைகளோடு சமநிலையில் ஓடவில்லை என்பதால் அதன் இடம் பறிக்கப்படுகிறது. இரண்டாவதற்குத்தான் பயிற்சியாளரின் நடத்தை வேண்டும்.

இந்த வேறுபாட்டை விளக்குவதற்கு ஒரே உரிமையாளரின் இரண்டு குதிரைகள் போதும். தாங்கள் சொன்ன ஹென்டர்சன் வழக்கில் சிக்கிய மூன்லிட் பாத் என்ற பெண்குதிரை எலிசபெத் அரசிக்குச் சொந்தமானது. 2009 பிப்ரவரி 19 அன்று ஹன்டிங்டனில் ஓடிய அதற்கு, ஓட்டத்தின்போது நுரையீரலில் இரத்தம் கசிவதைத் தடுக்க டிரானெக்சாமிக் அமிலம் கொடுக்கப்பட்டிருந்தது. பந்தய நாளில் அது கூடாது. அந்த மருந்து கொடுக்கப்படுவது பயிற்சியாளருக்குத் தெரியும் என்பதையும், சிகிச்சை முறையாகப் பதிவு செய்யப்படாமல் மறைக்கப்பட்டதையும் ஒழுங்குக் குழு கணக்கில் கொண்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2014 அஸ்காட் தங்கக் கோப்பையில் இரண்டாவதாக வந்த எஸ்டிமேட் என்ற குதிரையின் மாதிரியில் மார்ஃபின் தென்பட்டது. அதுவும் அரசியின் குதிரைதான். ஆராய்ந்தபோது, தீவனத்தில் கசகசாச் செடியின் கலப்பு இருந்தது தெரியவந்தது. எஸ்டிமேட்டின் இரண்டாம் இடம் பறிபோயிற்று. ஆனால் பயிற்சியாளர் சர் மைக்கேல் ஸ்டவுட் மீது எந்தத் தண்டனையும் விதிக்கப்படவில்லை. உரிமையாளர் நாட்டின் அரசியாக இருந்தும் குதிரையின் இடம் தப்பவில்லை, பயிற்சியாளர் பெரும்புள்ளியாக இருந்ததால்தான் தப்பினார் என்றும் சொல்வதற்கில்லை. அவர் தன் கவனத்தை மெய்ப்பிக்க முடிந்தது, அவ்வளவே.

ஆகவே விதி முரட்டுத்தனமானது என்பதைவிட, அது சுமையை இடம் மாற்றுகிறது என்பதே பொருத்தம். பொதுவான குற்ற வழக்கில் அரசுதான் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும். இங்கே மாதிரியில் மருந்து இருந்தால், நான் என்னென்ன செய்து காத்தேன் என்று பயிற்சியாளர் காட்ட வேண்டும். அது கடினமான சுமைதான். ஆனால் லாயத்தின் பூட்டும் பதிவேடும் அவர் கையில்தானே இருக்கின்றன?

அல் ஸரூனியின் எட்டு ஆண்டைப் பிறவற்றோடு ஒப்பிடுவது சரியாகாது. 2013 ஏப்ரல் 9 அன்று நியூமார்க்கெட்டில் உள்ள அவருடைய மௌல்டன் பேடக்ஸ் லாயத்தில் 45 குதிரைகளிடம் மாதிரி எடுக்கப்பட்டது. அவற்றில் 11 குதிரைகளில் உடற்கட்டு ஸ்டீராய்டுகள் இருந்தன. அங்கே தீவனத்தில் கலந்துவிட்டது என்பது போன்ற விளக்கம் ஏதும் இல்லை. அவரே பொறுப்பை ஒப்புக்கொண்டார். என் குறை வேறிடத்தில் இருக்கிறது. மாதிரி எடுத்து 16 நாளில், ஏப்ரல் 25 அன்று, விசாரணை முடிந்து தடையும் விதிக்கப்பட்டுவிட்டது. அத்தனை பெரிய லாயத்தில் அவ்வளவு மருந்து எப்படி வந்தது, யார் யார் கண்டும் காணாமல் இருந்தார்கள் என்பதெல்லாம் பொதுவெளியில் விசாரிக்கப்படாமலே போயிற்று. தண்டனை கடுமையாக இருந்ததைவிட, அது அவ்வளவு வேகமாக ஒரு தலையோடு நின்றதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

ஹென்டர்சனின் மூன்று மாதத்தைப் பற்றியும் ஒரு சொல். அந்தத் தடை சூலை 11 முதல் அக்டோபர் 10 வரை நீடித்தது. குதிரைகள் வேலி தாண்டி ஓடும் பந்தயங்களில் ஈடுபடுகிற ஒரு லாயத்துக்குக் கோடைக்காலம் ஏறக்குறைய விடுமுறைக்காலம். அதே மூன்று மாதம் சனவரியில் தொடங்கி மார்ச்சுவரை நீடித்திருந்தால் அவ்வகைப் பந்தயங்களின் பெருவிழாவான செல்டனம் திருவிழாவே கைநழுவியிருக்கும். நாட்காட்டியில் தண்டனையை எங்கே வைக்கிறார்கள் என்பதும் தண்டனையின் ஒரு பகுதிதான்.

மறுமொழி 2: பண்ணை வைத்தியர்

முப்பது ஆண்டுகள் கால்நடை மருத்துவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், 21 பிகோகிராம் என்ற எண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏனெனில் இந்த எண்ணை வைத்துக்கொண்டு இரு தரப்பினரும் மக்களைக் குழப்பியிருக்கிறார்கள்.

பிகோகிராம் என்பது ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. 500 கிலோ எடையுள்ள குதிரையின் உடலில் ஏறத்தாழ 50 லிட்டர் இரத்தம் இருப்பதாகக் கொண்டால், மில்லிலிட்டருக்கு 21 பிகோகிராம் என்ற விகிதத்தில் அதன் இரத்தம் முழுவதிலும் சேர்த்து ஒரு மைக்ரோகிராம் அளவுக்குத்தான் மருந்து இருந்திருக்கும். கண்ணுக்கே தெரியாத இந்தத் துகள் குதிரையை ஓட வைத்ததா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். கணக்கு சரி, கேள்விதான் தவறு. பீட்டாமெத்தசோன் வேகத்தைக் கூட்டும் மருந்தன்று. மூட்டு வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் மருந்து. அதை மூட்டுக்குள் ஊசியாகச் செலுத்தினால் மருந்து மூட்டில் வேலை செய்துகொண்டிருக்கும். இரத்தத்தில் நாம் அளப்பது அங்கிருந்து கசிந்து வந்த வாலை மட்டுமே. வலியை உணராத குதிரை பலவீனமான காலை முழு வேகத்தில் ஊன்றி எலும்பை முறித்துக்கொள்ளும், ஜாக்கியையும் கீழே தள்ளும். கென்டக்கியில் 2020 வரை இம்மருந்துக்கு 10 பிகோகிராம் என்ற வரம்பு இருந்தது. பிறகு பந்தய நாளில் எந்த அளவிலும் இருக்கக் கூடாது என்று மாற்றப்பட்டது. பழைய வரம்பை வைத்துப் பார்த்தாலும் 21 என்பது மீறல்தான்.

பாஃபர்ட் தரப்பு, மூட்டு ஊசி போடவே இல்லை, தோல் அழற்சிக்காக ஓட்டோமேக்ஸ் என்ற களிம்பு தடவினோம், அதில் இம்மருந்து இருந்தது என்றது. களிம்பில் இருப்பது பீட்டாமெத்தசோன் வேலரேட். மூட்டு ஊசியில் இருப்பது அசிடேட். பின்னர் நியூயார்க்கில் நடந்த சிறுநீர்ப் பரிசோதனை களிம்பு வகையையே உறுதி செய்ததாக அவருடைய வழக்கறிஞர்கள் அறிவித்தார்கள். ஆயினும் ஸ்டூவர்டுகள் தங்கள் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை, ஏனெனில் மருந்து எந்த வழியாக உடலுக்குள் சென்றது என்பதை விதி கேட்கவில்லை. மருத்துவன் என்ற முறையில் எனக்கு இங்கே சங்கடம் உண்டு. மூட்டில் போட்ட ஊசியும் புண்ணில் தடவிய களிம்பும் ஒரே குற்றமாகும்போது, விதி காக்க நினைத்த நோக்கமே மங்கிப்போகிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: அந்தக் களிம்பு எங்கிருந்தோ பறந்து வந்து குதிரையின் மேல் ஒட்டிக்கொள்ளவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்து, லாயத்தில் தடவப்பட்ட மருந்து அது. அதற்கு முந்தைய ஆண்டு கென்டக்கி ஓக்ஸில் மூன்றாவதாக வந்த கமீன் என்ற குதிரையும் இதே பயிற்சியாளருடையதே, அதன் மாதிரியில் இருந்ததும் இதே மருந்தே. ஒருமுறை சுட்டுக்கொண்டவர் மறுமுறை ஒவ்வொரு களிம்புக் குழாயின் முதுகையும் படித்திருக்க வேண்டாமா?

தற்செயலாக வந்து சேரும் பொருள்களின் வரிசை நம் ஊர்ப் பாட்டிமார்களின் அஞ்சறைப் பெட்டியை நினைவூட்டும். எஸ்டிமேட்டுக்குக் கசகசா என்றால், 2018 இல் சாண்டா அனிட்டா டெர்பியை வென்ற ஜஸ்டிஃபையின் மாதிரியில் இருந்த ஸ்கோபலமினுக்கு, வைக்கோலில் கலந்த ஊமத்தையே காரணம் என்று விளக்கம் தரப்பட்டது. அந்தச் செய்தி வெளியே வந்ததே 2019 இல்தான். அதற்கு ஓராண்டுக்கு முன்னரே கலிபோர்னிய ஆணையம் மூடிய கூட்டத்தில் வழக்கைக் கைவிட்டிருந்தது. ஊமத்தை விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மும்மகுடம் நடந்துகொண்டிருந்த மாதங்களில் பொதுமக்களுக்கு ஒன்றும் தெரிவிக்கப்படவில்லை என்பதால், உண்மையான விளக்கமும் பொய் போலவே ஒலித்தது. 2020 இல் அர்கன்சாவில் பாஃபர்ட் லாயத்தின் இரண்டு குதிரைகளில் லிடோகெயின் என்ற மரப்பு மருந்து தென்பட்டபோது, உதவியாளர் தன் முதுகு வலிக்கு ஒட்டியிருந்த சலோன்பாஸ் பட்டையிலிருந்து அது வந்திருக்கும் என்றார்கள். முதலில் விதித்த 15 நாள் இடைநீக்கத்தை மேல்முறையீட்டில் நீக்கி, அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். நீரிழிவுக்கு மனிதர்கள் விழுங்கும் மெட்ஃபார்மின் குதிரையின் மாதிரியில் தென்பட்ட வழக்குகளும் அமெரிக்காவில் உண்டு. கருவிகள் நுட்பமாக நுட்பமாக, குதிரையோடு வாழும் மனிதர்களின் மருந்துப் பெட்டியும் மாதிரியில் தெரியத்தான் செய்யும்.

மறுமொழி 3: தென்கடல்வாசி

மெல்பர்னில் குடியிருக்கும் எனக்கு இந்த விவாதத்தில் கோபால்ட் வழக்குகள் விடுபடுவது வியப்பாக இருக்கிறது. பயிற்சியாளருக்குத் தெரியாமல் நடந்தது என்ற வாதம் வென்ற அரிய இடம் அதுதான்.

கோபால்ட் வைட்டமின் பி12 இல் இருக்கும் உலோகம்; எந்தக் குதிரையின் சிறுநீரிலும் சிறிதளவு இருக்கும். மிகுதியாகக் கொடுத்தால் சிவப்பணுக்கள் பெருகி ஓட்டத்திறன் கூடும் என்ற நம்பிக்கை பரவியதால், விக்டோரியாவில் 2014 இல் ஒரு லிட்டர் சிறுநீருக்கு 200 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தார்கள். 2015 சனவரியில் டேனி ஓபிரையன், மார்க் கவனா என்ற இரண்டு முன்னணிப் பயிற்சியாளர்களின் குதிரைகள் வரம்பை மீறியது அறிவிக்கப்பட்டது. கவனா 2009 இல் ஷாக்கிங் என்ற குதிரையோடு மெல்பர்ன் கோப்பையை வென்றவர். கால்நடை மருத்துவர் ஒருவர் வைட்டமின் கரைசல் என்று கொண்டுவந்து குதிரைகளுக்கு ஏற்றிய புட்டியில் கோபால்ட் இருந்தது. பயிற்சியாளர்கள் அதை அறிந்தே ஏற்றச் செய்தார்கள் என்று ஒழுங்கு வாரியம் கருதி, 2016 இல் ஓபிரையனுக்கு நான்கு ஆண்டும் கவனாவுக்கு மூன்று ஆண்டும் தடை விதித்தது. மறு ஆண்டு மார்ச்சில் விக்டோரியாவின் குடிமை நிர்வாகத் தீர்ப்பாயம், அவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை என்று கண்டு அந்தத் தடைகளை இரத்துச் செய்தது. 2019 இல் ஓபிரையன் வவ் அண்ட் டிக்ளேர் என்ற குதிரையோடு மெல்பர்ன் கோப்பையைத் தூக்கினார்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அறிவிப்பிலிருந்து விடுதலை வரை இரண்டு ஆண்டுக்கு மேல். அந்தக் காலமெல்லாம் குதிரை வாங்கும் உரிமையாளர் எவரும் சந்தேகம் சூழ்ந்த லாயத்துக்குத் தன் இளங்குதிரையை அனுப்பத் தயங்குவார். தீர்ப்பு வருமுன்பே தண்டனையின் பெரும்பகுதி நடந்து முடிந்துவிடுகிறது. விடுதலைத் தீர்ப்பு போன குதிரைகளைத் திருப்பி அழைத்து வருவதில்லை.

பீட்டர் மூடியின் கதை இதைவிடச் சிக்கலானது. ஓடிய 25 பந்தயங்களிலும் வென்ற பிளாக் கேவியரின் பயிற்சியாளர் அவர். 2014 அக்டோபரில் டர்ன்புல் ஸ்டேக்ஸில் இரண்டாவதாக வந்த அவருடைய லிடாரி என்ற குதிரையிடம் கோபால்ட் வரம்பு மீறியிருந்தது. குளம்புக்காகக் கொடுக்கும் சத்துப்பொடியை ஊழியர் தவறுதலாக மிகுதியாகக் கொடுத்துவந்தார் என்பது அவர் வாதம். வேண்டுமென்றே கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை; ஆனாலும் லாயத்தை நடத்திய விதத்துக்காக 12 மாத இடைநீக்கம் விதித்து, அதில் ஆறு மாதத்தை நிறுத்திவைத்தார்கள். ஆறு மாதம் பொறுத்திருந்தால் திரும்பியிருக்கலாம். அவரோ மனம் கசந்து தொழிலையே விட்டு விலகினார், 2020 இல்தான் மீண்டும் வந்தார், 2021 இல் இன்சென்டிவைஸோடு கால்ஃபீல்ட் கோப்பையை வென்றார். ஏட்டில் எழுதிய தண்டனை ஆறு மாதம், வாழ்ந்து கழித்த தண்டனை நான்கு ஆண்டு.

நான் பயிற்சியாளர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ண வேண்டாம். இதே விக்டோரியாவில் 2018 இல் ராபர்ட் ஸ்மெர்டனுக்கு ஆயுள் தடை விதித்தபோது நான் கைதட்டினேன். பந்தய நாளன்று குதிரைகளின் வாயில் பீச்சுகுழலால் சோடா உப்புக் கலவையை ஊட்டும் வழக்கம் ஏழு ஆண்டுகள் நடந்திருக்கிறது. அது வெளிப்பட்டதற்கு ஆய்வகம் காரணமன்று. 2017 அக்டோபரில் ஃபிளெமிங்டன் திடலில் ஊழியர் ஒருவர் பிடிபட்டார், அவருடைய கைப்பேசியில் இருந்த குறுஞ்செய்திகள் மற்றவற்றைச் சொல்லிவிட்டன.

மறுமொழி 4: பழைய கிண்டி

எல்லோரும் பயிற்சியாளரின் துயரத்தையே எழுதுகிறீர்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, கையில் டிக்கெட்டோடு, நாற்பது ஆண்டுகள் கிண்டியில் பந்தயம் பார்த்தவன் சார்பில் நான் சற்று எழுதுகிறேன்.

மாண்டலூன் மீது பணம் கட்டியவருக்கு என்ன கிடைத்தது? உரிமையாளருக்கு 18,60,000 டாலர் முதற்பரிசு சென்றது. பந்தயம் கட்டியவருக்கு ஒரு காசும் இல்லை. பந்தயம் நடந்த அன்று அறிவித்த முடிவின்படி பணம் பட்டுவாடா ஆகிவிட்டால் அதோடு கணக்கு முடிந்தது. மெடினா ஸ்பிரிட் மீது கட்டியவரிடமிருந்து எவரும் பணத்தைத் திரும்பப் பெறவும் இல்லை. உரிமையாளருக்கும் பயிற்சியாளருக்கும் மேல்முறையீடு, வழக்கறிஞர், இரண்டாம் மாதிரி என்று எத்தனையோ வழிகள் உண்டு. இந்த விளையாட்டுக்கே பணம் போட்டு நடத்துகிறவனுக்கு வழி ஒன்றுமில்லை. அவனுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, பயிற்சியாளர் அஞ்சி நடக்கும்படி விதி கடுமையாக இருப்பதுதான்.

சென்னைப் பந்தயத்தைப் பற்றிய லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 இல் என்ன சொன்னது? குதிரைப் பந்தயம் சூதாட்டமன்று, குதிரையின் வம்சம், பயிற்சி, முந்தைய ஓட்டங்கள், ஜாக்கியின் திறமை ஆகியவற்றை ஆராய்ந்து கணிக்கும் திறன் சார்ந்த விளையாட்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அப்படியானால், பந்தயப் புத்தகத்தில் அச்சாகாத ஒரு மருந்து குதிரையின் உடலில் இருக்கும்போது, நான் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? அந்த மருந்து தவறுதலாக வந்ததா வேண்டுமென்று வந்ததா என்பது என் சட்டைப்பைக்குத் தெரியாது.

மேலும், மருந்து என்றாலே வேகத்துக்கு என்று பேசுகிறீர்கள். அயர்லாந்தில் 2018 இல் டிராமோர் திடலில் ஓடிய வைக்கிங் ஹோர்ட் என்ற குதிரைக்கு மயக்கம் தரும் மருந்து செலுத்தப்பட்டிருந்தது. அது தோற்கும் என்று இணையவழிப் பந்தயச் சந்தையில் எங்கிருந்தோ எவரோ பெருந்தொகை வைத்திருந்தார். பயிற்சியாளர் சார்லஸ் பர்ன்ஸுக்கு அந்தச் சதியில் பங்கு உண்டு என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. ஆனால் திடலின் லாயத்தில் குதிரையைச் சிறிது நேரம் ஆளில்லாமல் விட்டுச் சென்றிருந்தார். அந்தக் கவனக்குறைவுக்காக ஆறு மாத இடைநீக்கம். இதில் அநியாயம் எங்கே? வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனவரைத் திருடன் என்று சொல்லவில்லை. அடுத்தவன் நகையை அடகு வாங்கி வைத்துக்கொண்டு வீட்டைத் திறந்து போட்டதைத்தான் கேட்கிறோம்.

இடைநீக்கம் என்ற சொல்லே சில இடங்களில் கேலிக்கூத்தாக இருப்பதையும் சொல்ல வேண்டும். 2022 இல் பாஃபர்டின் குதிரைகள் அவருடைய முன்னாள் உதவியாளர் டிம் யக்டீனின் பெயருக்கு மாற்றப்பட்டன. டைபா, மெசியர் என்ற இரண்டும் அப்பெயரிலேயே கென்டக்கி டெர்பியில் ஓடின. 90 நாள் முடிந்ததும் பழைய லாயத்துக்கே திரும்பின. பெரிய லாயத்துக்குப் பெயர்ப்பலகை மாறுகிறது. எட்டுக் குதிரை வைத்திருக்கும் சிறிய பயிற்சியாளருக்கு 90 நாள் என்றால் உரிமையாளர்கள் கலைந்து போவார்கள், சைஸ்கள் வேறிடம் தேடுவார்கள், திரும்பி வரும்போது காலி லாயம்தான் இருக்கும். சமநீதி கேட்பவர்கள் இதைக் கேளுங்கள்.

மறுமொழி 5: ஆறாம் பர்லாங்

எல்லோருக்கும் நன்றி. பழைய கிண்டி ஐயாவின் அடகுக்கடை உவமை என்னை மாற்றிவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். தெரியாது என்ற சொல் பயிற்சியாளரை முழுவதும் விடுவிக்காது. ஆனால் தென்கடல்வாசி போகிறபோக்கில் சொன்ன கைப்பேசிச் செய்திதான் என்னை மேலும் தேட வைத்தது.

2020 மார்ச்சில் நியூயார்க்கின் கூட்டரசு வழக்குரைஞர்கள் ஹோர்ஹே நவாரோ, ஜேசன் சர்விஸ் என்ற பயிற்சியாளர்கள் உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்டோர் மீது குற்றம் சாட்டினார்கள். நவாரோ 2019 இல் துபாயில் கோல்டன் ஷாஹீன் பந்தயத்தை எக்ஸ்ஒய் ஜெட் என்ற குதிரையோடு வென்றவர். அக்குதிரை 2020 சனவரியில் இறந்துபோயிற்று. சர்விஸின் மேக்சிமம் செக்யூரிட்டி, குற்றச்சாட்டு வெளிவருவதற்குச் சில நாள் முன்புதான் சவூதி கோப்பையை வென்றிருந்தது. நவாரோவுக்கு ஐந்து ஆண்டுச் சிறையும், சர்விஸுக்கு நான்கு ஆண்டுச் சிறையும், மருந்து தயாரித்துக் கொடுத்த கால்நடை மருத்துவர் சேத் ஃபிஷ்மனுக்குப் பதினொரு ஆண்டுச் சிறையும் கிடைத்தன. அந்த மருந்துகள் பரிசோதனையில் அகப்படாதவாறே செய்யப்பட்டவை. தொலைபேசி உரையாடல்களை ஒட்டுக்கேட்டுத்தான் பிடித்தார்கள்.

ஆகவே என் கேள்வியை இப்போது இப்படித் திருத்துகிறேன். களிம்பு, கசகசா, சலோன்பாஸ் ஆகியவற்றை ஆய்வகம் பிடிக்கிறது. திட்டமிட்டு ஊக்கமருந்து செலுத்தியவர்களை ஆய்வகம் பிடிக்கவில்லை. அப்படியிருக்க, மாதிரியில் தென்பட்ட எண்ணைத் தண்டனையின் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு, மருந்துப் பதிவேடு, மருத்துவரின் பற்றுச்சீட்டு, கொள்முதல் கணக்கு ஆகியவற்றைப் பின்னுக்குத் தள்ளுவது தலைகீழ் முறை அல்லவா?

மறுமொழி 6: சேணம்

தலைகீழ் என்று சொல்ல மாட்டேன். மாதிரி இல்லாவிட்டால் பதிவேட்டைக் கேட்பதற்கே காரணம் கிடைக்காது. ஆனால் அடுத்த படியில் தங்களோடு உடன்படுகிறேன். அமெரிக்காவில் 2023 மே 22 முதல் நாடு தழுவிய ஒரே ஊக்கமருந்து விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கு முன் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி வரம்பு வைத்திருந்தது. புதிய தொகுப்பு, எந்நாளும் குதிரைக்குக் கொடுக்கக் கூடாத பொருள்களையும், சிகிச்சைக்கு ஏற்றவையாயினும் பந்தய நாளில் இருக்கக் கூடாத மருந்துகளையும் இரண்டு பிரிவாகப் பிரிக்கிறது. முதற்பிரிவுக்கு இரண்டு ஆண்டுவரை தடை, இரண்டாம் பிரிவுக்கு அதைவிட மிகக் குறைவு. இந்த அளவில் பார்த்தால் பீட்டாமெத்தசோனும் உடற்கட்டு ஸ்டீராய்டும் ஒரே தட்டில் வைக்கப்படாது என்பது முன்னேற்றமே. ஆனால் மெட்ஃபார்மின் முதற்பிரிவில் வைக்கப்பட்டதால்தான், சைஸின் மாத்திரையா பயிற்சியாளரின் சூழ்ச்சியா என்ற சண்டை மீண்டும் வந்தது.

சர்ச்சில் டவுன்ஸ் பற்றித் தாங்கள் முதலில் எழுப்பிய ஐயத்துக்கு எவரும் பதில் சொல்லவில்லை. அது தனியார் நிறுவனம். தன் திடலுக்குள் யாரை விடுவது என்பது தன் உரிமை என்று வாதிட்டது, நீதிமன்றமும் அதைத் தடுக்கவில்லை. நியூயார்க் பந்தயச் சங்கமும் 2021 இல் அப்படியே தடை விதித்தது. அங்கே நீதிபதி, விசாரணை நடத்தி அவர் தரப்பைக் கேட்காமல் தடுக்கக் கூடாது என்று நிறுத்திவைத்தார். பிறகு சங்கம் முறைப்படி விசாரணை நடத்தி ஓராண்டுத் தடை விதித்தது. ஒரே மனிதர், ஒரே காலம். ஓரிடத்தில் அவர் தரப்பைக் கேட்டார்கள், மற்றோரிடத்தில் கேட்கவில்லை.

மறுமொழி 7: பழைய கிண்டி

கேட்ட இடத்தில் ஓராண்டு, கேட்காத இடத்தில் மூன்றாண்டு. சேணம் ஐயா, தங்கள் கடைசிப் பத்தியை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்றாண்டுத் தடையை விலக்கியது எப்போது என்று பாருங்கள். 2024 இல், மெடினா ஸ்பிரிட்டின் மாதிரிக்குத் தானே பொறுப்பு என்று பாஃபர்ட் அறிக்கை விட்ட பிறகுதான். அந்த ஒரு வரியை 2021 மே மாதத்திலேயே சொல்லியிருந்தால் எத்தனை நாள் மிச்சமாகியிருக்கும் என்று வழக்கறிஞர் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.